கடை முந்தியா, ஊர் முந்தியா?

எங்கள் மளிகைக் கடையை அப்பா 1961-ல் தொடங்கினார். பேருந்து நிலையத்துக்கு நேர் எதிரே. கல்லாவில் உட்கார்ந்தபடியே வருகிற பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் படித்துவிடலாம். காலை முதல் பஸ்ஸில் இறங்கும் கிராமத்துக்காரர்கள் சாமான் சீட்டைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரி, கோர்ட்டு, ரிஜிஸ்டர் ஆபீஸ் என்று போவார்கள். சாயங்காலம் திரும்பும்போது மூட்டை கட்டித் தயாராக இருக்கும். 2004-ல் பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே புறவழிச்சாலைக்குக் கொண்டுபோனார்கள். கடை இருந்த இடத்திலேயே இருந்தது; ஊர்தான் நகர்ந்துவிட்டது.

ஆறே மாதத்தில் பீடி, சோப்பு, பிஸ்கட், வாழைப்பழம் என்று கைக்கு வாங்கிப் போகும் சரக்கின் விற்பனை பாதிக்குக் கீழே இறங்கியது. மாதச் சீட்டு வியாபாரம் மட்டும் ஓரளவு நின்றது. அண்ணன் வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தார். நான் கடன் பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, பாக்கிக்காரர் யார் எந்த ஊர் என்று ஒரு தாளில் படம் போட்டேன். நடுவே எங்கள் கடை, சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் ஊர்கள். மேற்கே இருந்த ஊர்களில் மட்டும் வரவு ஏறக்குறைய நின்றிருந்தது. அந்தப் பக்கத்து பஸ்கள் இப்போது ஊருக்குள் வராமலே புது நிலையத்துக்குப் போய்விடுகின்றன என்பது அப்போதுதான் உறைத்தது.

ஊர் ஏன் ஓர் இடத்தில் உண்டாகிறது, கடைவீதி ஏன் ஓரிடத்தில் கூடுகிறது, ஏன் கலைந்து வேறிடம் போகிறது என்று ஆராய்வதற்கென்றே நகரப் புவியியல் என்று ஒரு துறை இருக்கிறது. பேராசிரியர்கள் விஷயம் என்று நாம் அதைத் தள்ளிவிடுகிறோம். படித்துப் பார்த்தால் அதில் பாதி கடைக்காரர் சமாசாரம்தான். எனக்குப் புரிந்த அளவில் இங்கே சொல்கிறேன்.

நகரம் என்பது யார்?

இன்று நகரம் என்றால் கட்டடமும் கூட்டமும் நினைவுக்கு வருகின்றன. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். உழவர் கூடிய சபைக்கு 'ஊர்' என்று பெயர். பிராமணர் சபைக்கு 'சபை'. வணிகர் கூடிய சபைக்கு 'நகரம்'. அதாவது, நகரம் என்பது நம்முடைய சங்கம்! அந்தச் சங்கம் எங்கே இருந்து சந்தையை நடத்தியதோ, அந்த இடத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. எண்ணெய் வணிகருக்குச் சங்கரப்பாடி நகரம், துணிக்காரருக்குச் சாலிய நகரம் என்று தொழிலுக்குத் தனி அமைப்புகளும் இருந்தன. சோழர் கால வணிகத்தை ஆராய்ந்த கென்னத் ஹால் என்பவர், பெரும்பாலும் ஒரு 'நாட்டு'க்கு ஒரு நகரம் என்ற கணக்கில் இவை அமைந்திருந்தன என்று எழுதியிருக்கிறார். 'நாடு' என்பது அன்று சில ஊர்கள் சேர்ந்த பகுதி. கிட்டத்தட்ட இன்றைய சந்தை வட்டாரம் மாதிரி.

அதற்கும் முந்திய காவிரிப்பூம்பட்டினத்தைப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் மருவூர்ப்பாக்கம். சரக்கு இறங்கும் இடம், பண்டசாலை, கைவினைஞர், யவனர் எல்லாம் அங்கே. உள்பக்கம் பட்டினப்பாக்கம், அரசர் வீதியும் பெருஞ்செல்வர் வீடுகளும் அங்கே. பகல் சந்தையான நாளங்காடி இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த மரத்தோப்பில் கூடியது என்று சிலப்பதிகாரம் காட்டுகிறது. விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவழியில் சந்தை. இன்றைக்கு ஒருவர் புதிதாகக் கடை பிடிப்பதென்றாலும் அந்த இடத்தைத்தான் தேடுவார்.

'பேட்டை' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்மாவட்ட நாடார் வணிகர்கள் வண்டிப் பாதைகளில் பேட்டைகள் அமைத்தார்கள். மாட்டு வண்டியும் சரக்கும் இரவில் பத்திரமாகத் தங்குவதற்கான மதில் சூழ்ந்த இடம் அது. அங்கே கைமாறும் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை எடுத்தார்கள். அந்தப் பணத்தில் கிணறு, கோயில், பிறகு பள்ளிக்கூடம் என்று வந்தன. வண்டி நின்ற இடம் ஊராகிவிட்டது. விருதுநகரில் கப்பல் துறையும் இல்லை, பெரிய ஆறும் இல்லை. விருதுபட்டியாக இருந்த நாளிலேயே, 1876-ல், மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன ரயில் அந்த வழியாகச் சென்றது. பருப்பு, மிளகாய் வற்றல், எண்ணெய் விலைக்கு ஊரெல்லாம் அந்த மார்க்கெட் நிலவரத்தைப் பார்க்கும் வழக்கம் அப்படி வளர்ந்ததுதான். விளைவது வேறு ஊரில், தின்பது வேறு ஊரில். விலை பேசுவது அங்கே.

ஜெர்மன்காரர் போட்ட கணக்கு

வால்டர் கிறிஸ்டாலர் என்ற ஜெர்மானியர் 1933-ல் ஒரு புத்தகம் எழுதினார். தென் ஜெர்மனியின் படத்தை விரித்து, எந்த ஊர் எவ்வளவு பெரிது, எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்தவர் அவர். அவர் சொன்னதில் இரண்டு விஷயம் நமக்கு வேண்டியவை. ஒன்று, ஒரு கடை பிழைக்கக் குறைந்தபட்சம் எத்தனை வாடிக்கையாளர் தேவை என்பது. மற்றொன்று, அந்தச் சரக்குக்காக ஒருவர் அதிகபட்சம் எவ்வளவு தூரம் வருவார் என்பது.

உப்புக்கு யாரும் பத்து கிலோமீட்டர் போகமாட்டார்கள். ஆனால் தெருவுக்கு நாற்பது வீடு இருந்தாலும் ஒரு சின்னப் பலசரக்குக் கடை ஓடிவிடும். கல்யாண நகைக்கு ஐம்பது கிலோமீட்டர் வருவார்கள். ஆனால் ஒரு நகைக்கடைக்கு நாற்பது வீடு போதாது. ஆகவே சின்னக் கடை உள்ள ஊர்கள் நிறைய, நெருக்கமாக. நகைக்கடையும் ஜவுளிக்கடையும் உள்ள ஊர்கள் குறைவு, தூரத்தூரமாக. மிகச் சிறிய சந்தை ஊர்களுக்கு இடையே சுமார் 7 கிலோமீட்டர் என்று அவர் கணக்கு வந்தது. அதாவது எந்த ஊர்க்காரரும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடந்தால் சந்தையை அடைந்துவிடலாம். ஊர்களின் எல்லையைக் கோடு போட்டால் தேன்கூடு மாதிரி அறுகோணமாக வரும் என்றும் காட்டினார். எல்லா இடமும் சமவெளி, ஆறும் மலையும் இல்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. நடைமுறையில் ரயிலும் கணவாயும் அதைக் கோணலாக்கிவிடும். இந்தக் கணக்கைப் பின்னாளில் நாஜி அரசு, பிடித்த போலந்து மண்ணில் ஜெர்மானியரைக் குடியேற்றும் திட்டத்துக்குப் பயன்படுத்தியது, கிறிஸ்டாலரே அதில் வேலை பார்த்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சரி, ஒரு கடை பிழைக்கத் தேவையான ஜனம் ஓர் ஊரில் இல்லை என்றால்? அங்கேதான் வாரச் சந்தை வருகிறது. திங்கள் ஓர் ஊர், செவ்வாய் ஓர் ஊர் என்று வியாபாரி சுற்றுகிறார். ஐந்தாறு ஊர் ஜனத்தைச் சேர்த்து ஒரு கடைக்கான வாடிக்கையாக்கிக்கொள்கிறார். ஊர் வளர்ந்து தினசரி விற்பனைக்கு ஆள் வந்ததும் சந்தைக்காரரில் சிலர் அங்கேயே கீற்றுக் கொட்டகை போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நம் முன்னோரில் பலருடைய கடை இப்படித் தொடங்கியதுதான்.

சென்னையின் கதை

1639-ல் ஃபிரான்சிஸ் டே இடம் பார்த்தபோது இன்றைய சென்னைக் கடற்கரையில் துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். மசூலா படகில் அலையைத் தாண்டிச் சரக்கை ஏற்றி இறக்க வேண்டும். அப்படியும் அந்த இடத்தை அவர் பிடித்ததற்குக் காரணம், இந்தப் பக்கத்தில் துணி மலிவாகக் கொள்முதல் செய்யலாம் என்பதே. கோட்டை எழுந்ததும் அதன் வடக்கே நெசவாளரும் வணிகரும் துபாஷிகளும் குடியேறி ஒரு ஊர் உண்டாயிற்று. வெள்ளையர் அதைக் கறுப்பர் நகரம் என்றார்கள். 1734-ல் நெசவாளருக்கென்றே தனியாக ஒரு குடியிருப்பு அமைத்தார்கள். சின்னத் தறிப் பேட்டைதான் இன்றைய சிந்தாதிரிப்பேட்டை.

1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள். 1749-ல் திரும்பக் கிடைத்த பிறகு ஆங்கிலேயர், கோட்டையை ஒட்டி வீடும் கடையும் இருந்தால் எதிரி ஒளிந்து வரத் தோதாகும் என்று பழைய கறுப்பர் நகரத்தை அப்புறப்படுத்தி வெட்டவெளியாக்கினார்கள். இன்று உயர் நீதிமன்றம் நிற்பது அந்த இடத்தில். வணிகர்கள் வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் போனார்கள். அந்தப் புது ஊர்தான் 1911-ல் ஜார்ஜ் டவுன் என்று பெயர் பெற்றது. கோயம்பேட்டுக்கு இடம் மாறியதைப் பெரிய விஷயமாகப் பேசுகிறோம். சென்னை வணிகர் அதற்கு முன்பே ஒருமுறை மொத்தமாகக் கிளப்பப்பட்டவர்கள்.

இன்னொரு செய்தி. புது ஊரைச் சுற்றி எழுப்பிய மதிலுக்கு ஆன செலவை ஊராரிடம் வரியாக வாங்க நினைத்தார்கள். வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் அதனால் வந்தது. அந்த வரி கடைசிவரை வசூலாகவில்லை என்று சென்னை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. வரி போய்ப் பெயர் மட்டும் தங்கிய இடம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறதோ!

ஜார்ஜ் டவுனுக்குக் கொள்முதலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். கோடவுன் தெரு என்றால் துணி. ஆண்டர்சன் தெரு என்றால் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும். காசிச் செட்டித் தெரு என்றால் பேன்சிச் சாமான். ஒரே சரக்கு விற்பவர்கள் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டு உட்காருகிறார்கள்? போட்டியாளருக்குப் பக்கத்தில் யாராவது கடை வைப்பார்களா?

இந்தக் கேள்வியை அமெரிக்கப் பொருளியலாளர் ஹரால்ட் ஹோட்டெலிங் 1929-ல் ஒரு நீண்ட தெருவை வைத்து விளக்கினார். தெருவில் இரண்டே கடை. ஒரே சரக்கு, ஒரே விலை. ஒன்று ஒரு கோடியிலும் மற்றொன்று மறு கோடியிலும் இருந்தால் ஆளுக்குப் பாதி. ஆனால் முதல் கடைக்காரர் கொஞ்சம் நடுவே நகர்ந்தால் தன் பின்பக்க வாடிக்கை போகாது, எதிராளியின் வாடிக்கையில் கொஞ்சம் சேரும். எதிராளியும் சும்மா இருப்பாரா? கடைசியில் இருவரும் தெருவின் நடுவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பார்கள்.

நம் அனுபவத்தில் இன்னொரு காரணமும் உண்டு. துணி, பாத்திரம், நகை இவற்றை நாலு கடை ஏறி இறங்கித்தான் வாங்குவார்கள். நாலு கடையும் ஒரே தெருவில் இருந்தால்தான் வெளியூர்க்காரர் வருவார். தனியாக ஒதுங்கிய கடைக்கு ஆள் வராது. மளிகைக்கு இது பொருந்தாது. துவரம்பருப்புக்கு நாலு கடை ஏறுவார் யாரும் இல்லை. அதனால்தான் மொத்த மளிகை ஒரே தெருவிலும் சில்லறை மளிகை மூலைக்கு ஒன்றாகவும் இருக்கின்றன. ஒரே சரக்குதான், வாங்குபவர் வேறு.

தியாகராய நகரை 1920-களில் மாம்பலம் ஏரிப் பகுதியில் குடியிருப்பாகத்தான் திட்டமிட்டார்கள். பூங்கா, அகலமான சாலை, தோட்ட வீடு. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கியவர்கள் உஸ்மான் சாலைக்கு வர ரங்கநாதன் தெருவில் நடந்தார்கள். நடக்கிற ஜனம் தினம் தினம் கண்ணெதிரே போனால் கடை வராமல் இருக்குமா? திட்டம் போட்டவர்கள் வீடு என்று எழுதினார்கள், ஜனத்தின் கால் கடை என்று எழுதிவிட்டது.

கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேடு

கொத்தவால் சாவடியை நேரில் பார்த்த மூத்தவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். நூறு ஆண்டுக்கு மேலாகச் சென்னைக்குக் காய்கறி அங்கிருந்துதான். மாட்டு வண்டிக்காக ஏற்பட்ட தெருக்கள். நள்ளிரவில் லாரிகள் உள்ளே வந்தால் விடிந்தும் வெளியே போக முடியாது. கட்டை வண்டி, மீன்பாடி வண்டி, தலைச்சுமை, அழுகின காய், சேறு. லாரி வாடகையில் ஒரு பங்கு காத்திருப்புக்கே போயிற்று.

இது சென்னைக்கு மட்டும் வந்த வினை இல்லை. பாரிஸ் நகரின் நடுவில் எண்ணூறு ஆண்டுகளாக இருந்த லே ஆல் மொத்தச் சந்தையை 1969-ல் ஊருக்கு வெளியே ருஞ்சிக்கு மாற்றினார்கள். லண்டனின் கோவென்ட் கார்டன் காய்கறிச் சந்தை 1974-ல் நைன் எல்ம்ஸுக்குப் போயிற்று. நடு ஊரில் மனை விலை ஏறிக்கொண்டே போகும். நிறைய இடத்தை அடைத்துக்கொண்டு குறைந்த லாபத்தில் நடக்கும் மொத்த வியாபாரத்தால் அந்த வாடகைக்கு ஈடு கொடுக்க முடியாது. சரக்கு லாரியில் வரத் தொடங்கிய பிறகு ஊர் நடுவே இருப்பதில் லாபமும் இல்லை. சில்லறை உள்ளே தங்கும், மொத்தம் வெளியே போகும். எங்கும் இதுதான் நடந்திருக்கிறது.

கோயம்பேடு வளாகம் 1996-ல் திறந்தது. சுமார் 295 ஏக்கர். வணிகர்கள் முதலில் கடுமையாக எதிர்த்தார்கள், அதில் நியாயமும் இருந்தது. கடை போனால் கடையோடு சேர்ந்து பாக்கியும் போகும், பழகிய தரகரும் சுமைக்காரரும் போவார்கள். ஆனாலும் மாற்றம் நிலைத்தது. மூன்று காரணம் சொல்லலாம். பெருஞ்சாலைகள் பக்கத்தில் இருந்தன. காய், பழம், பூ எல்லாம் சேர்ந்தே போயின. குறிப்பிட்ட சரக்குகளின் மொத்த வியாபாரம் எங்கே நடக்கலாம் என்பதை 1996-லேயே தனிச் சட்டம் வரையறுத்ததால், பழைய இடத்தில் பாதிப் பேர் தங்கிவிடும் நிலை வரவில்லை.

இந்தக் கடைசிக் காரணம் எவ்வளவு முக்கியம் என்பதைத் திருச்சியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். காந்தி மார்க்கெட்டுக்கு மாற்றாக ஊருக்கு வெளியே கள்ளிக்குடியில் கட்டிய வளாகம் 2017-ல் திறக்கப்பட்டது. தூரம் அதிகம், கடை சிறியது என்று பெரும்பாலான வியாபாரிகள் போகவில்லை. காந்தி மார்க்கெட் பழையபடி நடந்தது. எதிராளி பழைய இடத்தில் இருக்கும்போது நான் மட்டும் போனால் என் வாடிக்கை அவருக்குப் போய்விடும். ஹோட்டெலிங் தெருவில் கடைசிக்கு ஓடிப்போன முட்டாளாக இருக்க யாரும் விரும்பமாட்டார்கள். அதிகாரிகள் கட்டடத்தைப் பார்த்தார்கள், பக்கத்துக் கடைக்காரர் வருவாரா என்பதைப் பார்க்கவில்லை. என் அபிப்பிராயம் இது.

எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவிப்பதில் ஆபத்தும் இருக்கிறது. 2020 மே மாதம் கொரோனா பரவியதால் கோயம்பேட்டை மூட வேண்டியதாயிற்று. காய்கறி திருமழிசைக்கும் பூ மாதவரத்துக்கும் போயின. செப்டம்பர் கடைசியில்தான் காய்கறிச் சந்தை திரும்பத் திறந்தது. அதற்கு அடுத்த அதிர்ச்சி, பேருந்து நிலையம். கோயம்பேட்டில் 2002-ல் திறந்த வெளியூர்ப் பேருந்து நிலையத்திலிருந்து தென்மாவட்ட பஸ்கள், 2023 டிசம்பர் 30-ல் திறந்த கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டன. அந்த நிலையத்தை நம்பியிருந்த டீக்கடைக்காரரும் லாட்ஜ்காரரும் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நாம் செய்ய விட்ட வேலை ஒன்று இருக்கிறது. 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, ஒரு ஊருக்கு முழுமைத் திட்டம் போடும்போது வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்க வேண்டும். எங்கள் ஊரில் பேருந்து நிலையம் மாறப்போகிறது என்று முன்கூட்டியே அறிவிப்பு ஒட்டித்தான் இருந்தார்கள். கடைவீதியில் ஒருவரும் படிக்கவில்லை, நானும்தான். ஆட்சேபித்திருந்தால் நிலையம் நின்றிருக்காது. மேற்கத்தி பஸ்கள் ஊருக்குள் ஒரு சுற்று வந்து போக வேண்டும் என்று கேட்டிருக்கலாம். அதை நாங்கள் கேட்டது நாலு வருடம் கழித்து.

அந்த நாலு வருடத்தில் நான் வேறொன்று செய்தேன். பேரேட்டில் வரவு நின்றுபோன மேற்கத்தி ஊர்கள் ஏழு. ஏழில் எந்த ஊருக்கும் தனியாக ஒரு முழு மளிகைக் கடை தாங்காது; ஏழும் சேர்ந்தால் தாங்கும். தவணையில் ஒரு குட்டி யானை வாங்கினேன். புதன்கிழமை நாலு ஊர், சனிக்கிழமை மூன்று ஊர். முதல் நாள் ஒரு பையன் போய்ச் சீட்டு வாங்கி வருவான். மறுநாள் வண்டி போகும். இப்போது சீட்டு செல்போனில் வருகிறது, மகன் பார்த்துக்கொள்கிறான். புதனன்று நாலாவது ஊரில் வண்டி நிற்கும் புளியமரத்தடியில், போன வருடத்திலிருந்து ஒருவர் காய்கறி விரித்திருக்கிறார். இந்த வருடம் பக்கத்தில் ஒரு டீக்கடையும் வந்திருக்கிறது.